அட்டைக்கு நான் வைத்த பொருள்

அண்ணே,

இன்று பின்நேரம் ஹந்தானை மலைக்கு ஏறும்போது அட்டை கடித்துவிட்டது. தங்கச்சி வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றிய பிறகுதான் பார்த்தேன். காலுறையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். மழை பெய்து விட்ட நேரம், குறுக்கு வழியில் ஏறினால் வேறு என்ன நடக்கும்? தங்கச்சி சவர்க்காரக் கட்டியைக் கொண்டுவந்து தேய்த்துவிட்டு, டவுனில் இருந்து இருந்து எனக்குக் கால் எது கை எது என்று மறந்துவிட்டதாக ஏசினாள். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு அட்டைக்கடி ஒரு கடியா? அது கடிக்கும்போது வலிப்பதில்லை. வயிறு நிரம்பி விழுந்த பிறகுதான் ரத்தம் நிற்காமல் வடியும்.

உண்மையில் நான் தங்கச்சியைப் பார்க்க ஏறவில்லை. என் மேசையில் ஆறு நாளாகக் கிடக்கும் மூன்று பக்கக் காகிதத்துக்குப் பயந்து ஏறினேன். உங்கள் மகள் மெற்றில்டா கொண்டுவந்து தந்த காகிதம் அது. நீங்கள் மறைந்து ஆறாம் மாதப் பூசைக்கென்று மன்னாரிலிருந்து வந்தவள், பூசை முடிந்த கையோடு கோவில் வாசலிலேயே என்னிடம் நீட்டினாள். உங்களைப் பிடித்த அன்று எழுதிய வாக்குமூலத்தின் பிரதி. எத்தனையோ கடிதம் போட்டு, எத்தனையோ படி ஏறி எடுத்திருக்கிறாள். சிங்களத்தில் இருப்பதால் அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை.

"அப்பா அண்டைக்கு என்ன சொன்னவர் எண்டு எனக்கு ஒருக்கா வாசிக்க வேணும் மாமா. வேற ஆரிட்டயும் குடுக்க மனம் வரேல்லை. நீங்கள்தான் தமிழில எழுதித் தர வேணும்."

மூன்றாம் பக்கத்தின் அடியில் மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. ஒன்று பொலிஸ் அதிகாரியுடையது. ஒன்று உங்களுடையது, உங்களுக்கு ஓர் எழுத்தும் விளங்காத காகிதத்தின் கீழே தமிழில், அழகாக, பள்ளிக்கூடப் பிள்ளை போடுவதைப் போல் போட்டிருக்கிறீர்கள். மூன்றாவதற்கு மேலே 'மொழிபெயர்த்தவர்' என்று இருக்கிறது. அது என்னுடையது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சிங்கள எழுத்தில் போட்டிருந்தேன்.

அந்த நாளை உங்களுக்கு நான் சொல்லிக் காட்டத் தேவையில்லை. ஆனாலும் நான் ஒரு தடவைகூட வாய் திறந்து சொன்னதில்லை என்பதால் இப்போது சொல்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்பீர்களோ, அந்தப் பக்கத்திலேயே இருந்து சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. கண்டியில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டெழுத்து வேலை. சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் தமிழன் யாரையாவது பிடித்து, பேச ஆள் இல்லாவிட்டால், என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். மறுக்க முடியாது. நானும் தமிழன்தானே, என் சட்டைப் பையிலும் ஓர் அடையாள அட்டை இருந்தது, அதை எப்போது வேண்டுமானாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்க அவர்களால் முடியும். ஆனால் பயத்தை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். கூப்பிட்டபோது எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. தோட்டத்துப் பையனை ஒரு பொலிஸ் அதிகாரி 'எங்கள் மொழிபெயர்ப்பாளர்' என்று சொல்கிறார் என்றால் சும்மாவா?

மத்தியான நேரம், மேல்மாடி அறை. ஜன்னலுக்கு வெளியே வாவி தெரிந்தது. உங்கள் இடது காதில் பஞ்சு இருந்தது. காதுக்கு மருந்தெடுக்கக் கண்டிக்கு வந்து, ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது சோதனையில் அகப்பட்டிருந்தீர்கள். பையில் நீர்க்கண்ணாடி ஒன்று, முகத்தில் மாட்டுவது, றப்பர் வார் அறுந்து போனது. மன்னாரில் வார் கிடைக்காது, கண்டியில் கிடைக்குமா என்று பார்க்கக் கொண்டுவந்தீர்கள். அந்த வாரம்தான் கிழக்கில் ஒரு துறைமுகத்தில் நின்ற கப்பலின் அடியில் யாரோ சுழியோடிப் போய்க் குண்டை ஒட்டி வெடிக்க வைத்திருந்தார்கள். பத்திரிகை முழுக்க அதுதான். நானும் வரி விடாமல் வாசித்திருந்தேன்.

அதிகாரி கண்ணாடியை மேசையில் வைத்து, இது எதற்கு என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். நீங்கள் நிதானமாகத்தான் சொன்னீர்கள்.

"சுழியோடுறதுக்கு ஐயா. நான் அட்டை பிடிக்கிறவன். கடலுக்கு அடியில போய் அட்டை பிடிக்கிறது எங்கட தொழில்."

எனக்கு இந்த உலகத்தில் இரண்டே அட்டைதான் தெரியும். ஒன்று பையில் இருப்பது. மற்றது காலில் ஏறுவது. 'கூடெல்லா' என்று சொன்னேன். காலில் ஏறும் அட்டைக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். அதிகாரி சிரித்துவிட்டார். கடலில் ஏதடா கூடெல்லா, சரியாகக் கேள் என்றார். நான் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். 'அண்ணே, அந்த அட்டைன்னா என்னங்க?' என்று நாலு சொல். கேட்டிருந்தால், அது கடலுக்கு அடியில் மணலில் கிடக்கும் ஒரு பிராணி, அவித்துக் காயவைத்தால் வெளிநாட்டுக்காரன் வாங்கிப் போவான், உங்கள் ஊரில் பாதிப்பேர் அதில்தான் சோறு தின்கிறார்கள் என்று சொல்லியிருப்பீர்கள். அதற்கும் சிங்களத்தில் சொல் இருக்கிறது. 'முஹுது கூடெல்லா.' கடல் அட்டை. அவ்வளவுதான். முன்னால் ஒரு 'முஹுது' போட்டால் முடிந்திருக்கும் கதை.

நான் கேட்கவில்லை. எங்கள் மலையில் 'அட்டை பிடிச்சிருச்சு' என்றால் அட்டை உடம்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். கடலுக்கு அடியில் அட்டை எதைப் பிடிக்கும்? எதில் ஒட்டும்? பத்திரிகையில் வாசித்த அறிவு முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து நின்றது. அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னேன்: கப்பலின் அடியில் ஒட்டுகிற குண்டுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயராக இருக்கும், சேர்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. எழுதத் தொடங்கினார். நான் நீளமாக ஏதோ சொன்னதைப் பார்த்து, உங்கள் தொழிலைத்தான் அவருக்கு விளங்கப்படுத்துகிறேன் என்று நினைத்து, நீங்கள் என்னைப் பார்த்து நன்றியோடு தலையாட்டினீர்கள். அவர் அதையும் எழுதினார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது தன் வாயால் தான்தான் கெடும். நான் என் வாயால் அடுத்தவனைக் கெடுத்தேன்.

அது பிழை என்று எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று. சாப்பாடு கட்டி வந்த பழைய பத்திரிகைத் துண்டில் கடலட்டை ஏற்றுமதியைப் பற்றி நாலு வரி இருந்தது. படமும் இருந்தது. சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றேன். காவலுக்கு நின்றவன் என்ன வேண்டும் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டேன். இதை வேறு எப்படிச் சொன்னாலும் அது அலங்காரமாகிவிடும். திரும்பிவிட்டேன், அவ்வளவுதான். நீங்கள் உள்ளே இருந்தது நாலரை வருடம். வழக்கென்று ஒன்று கடைசிவரை வரவேயில்லை. அதற்குள் உங்கள் மனைவி, அந்த அக்கா, காய்ச்சலில் போய்விட்டார். மெற்றில்டாவை உங்கள் மச்சாள் வளர்த்தார்.

விட்ட பிறகும் மாதா மாதம் கண்டிக்கு வந்து ஒப்பம் போட வேண்டும் என்று நிபந்தனை. மன்னாருக்கும் கண்டிக்கும் அலைந்து பார்த்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டீர்கள். அக்குறணை ஹாஜியார் தன் கருவாட்டு மொத்தக் கடையில் உங்களை வேலைக்கு வைத்துக்கொண்டார். கடலுக்குத் திரும்பியிருக்கலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். காரணத்தை ஒரே ஒரு தடவை எனக்குச் சொன்னீர்கள், கருவாட்டுச் சாக்கைத் தைத்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போல.

"தண்ணிப் பீப்பாவுக்குள்ள தலையை அமத்துறவங்கள். மற்ற ஆக்களுக்கெண்டால் கொஞ்ச நேரம். எனக்குக் கூட நேரம். சுழியோடிதானே, தாங்குவான் எண்டு."

நான் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. உங்களுக்கு அதனால் என்ன வந்தது? ஒன்றும் வரவில்லை.

நீங்கள் முதன்முதல் என் கந்தோருக்கு வந்தது, விடுதலைக் கடிதத்தைத் தமிழில் எழுதி வாங்க. நான் அப்போது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாகி, நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருந்தேன். காதில் பஞ்சையும் சாய்ந்த தலையையும் பார்த்தவுடன் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. நீங்கள் என்னை நேராகப் பார்த்தீர்கள். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நான் உடல் இளைத்து, இளநரை விழுந்து, கண்ணாடியும் போட்டிருந்தேன். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்தீர்கள்.

"தம்பி, இங்கிலீசும் வாசிப்பியள்தானே? ஒரு உதவி வேணும். நாலரை வருசம் என்னை ஒரு வேலை செய்தனான் எண்டு சொல்லி அடிச்சவங்கள். அந்த வேலை என்னெண்டு எனக்குச் சரியாத் தெரியாது. உலகத்தில ஆராவது செய்திருப்பாங்கள்தானே. கப்பலுக்குக் குண்டு வைச்ச அந்தக் கதையளை ஒருக்கா வாசிச்சுக் காட்டுவியளோ?"

அப்படித்தான் நம் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. பூசை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குக் கடையின் பின்னறை. இரண்டு கதிரை, நடுவில் கவிழ்த்த பெட்டி, நெத்தலிக் கருவாட்டு மணம். கடலே இல்லாத இந்த ஊரில் கடற்போர் பற்றிய புத்தகங்களுக்குக் குறைவில்லை என்று கண்டுபிடித்தது நான். உலக யுத்தத்தின்போது கிழக்குப் பக்கத்துக்குப் பொறுப்பான பிரித்தானியத் தளபதி பேராதனைப் பூந்தோட்டத்தில்தானே வந்து குந்தியிருந்தார். அந்தக் காலத்துத் துரைமார் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகங்கள் நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் கிடைத்தன. நான் வாசித்து, தமிழில் சொல்லி, பிறகு கொப்பியில் எழுதித் தர வேண்டும். நீங்கள் கிழமை முழுக்க அதை வாசித்துவிட்டு, அடுத்த ஞாயிறு சண்டைக்கு வருவீர்கள்.

உங்களோடு சரித்திரம் வாசிப்பது சுலபமாக இருக்கவில்லை. பிரான்சில் ஓர் ஆற்றுக்குள் சின்ன ஓடங்களில் துடுப்புப் போட்டுப் போன பத்துப் பேரின் கதையை நான் உருகி உருகி வாசித்தேன். பகலில் நாணல் புதருக்குள் ஒளிந்து, கடும் குளிரில், நாள்கணக்காகப் போய்க் கப்பல்களில் குண்டு ஒட்டியவர்கள். திரும்பி வந்தது இரண்டே பேர். நீங்கள் இடையில் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"கப்பலின்ர அடி முழுக்கச் சிப்பியும் பாசியுமா இருக்கும். காந்தம் லேசில ஒட்டாது. முதல் சுரண்ட வேணும். சுரண்டினால் உள்ளுக்குப் படுத்திருக்கிறவனுக்குக் கேக்கும். அவனும் ஒருத்தன்ர பிள்ளை. இந்தப் புத்தகத்தில அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை."

அதன் பிறகு 'வீரச்செயல்' என்று நான் எழுதிய இடமெல்லாம் உங்கள் பேனா கோடு போட்டது. கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரு தலைப்பு வைக்கலாம் என்றேன். வேண்டாம் என்றீர்கள், களவாகப் போய்ச் செய்த வேலைக்குத் தலைப்பு எதற்கு என்று கேட்டீர்கள்.

எகிப்தில் நடந்ததை வாசித்த ஞாயிறு எனக்கு மறக்காது. இத்தாலியச் சுழியோடிகள் துறைமுகத்துக்குள் புகுந்து, ஒரு பெரிய பிரித்தானியக் கப்பலின் அடியில் குண்டை வைத்துவிட்டு அகப்பட்டுக்கொள்கிறார்கள். எங்கே வைத்தாய் என்று கேட்டால் பேசவில்லை. அதே கப்பலின் அடித்தட்டில், குண்டுக்குக் கிட்டவே, அவர்களை அடைத்து வைக்கிறார்கள். வெடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது, தலைவன் கப்டனைக் கூப்பிட்டு, ஆட்களை இறக்கு, கப்பல் வெடிக்கப்போகிறது என்கிறான். இடத்தை மட்டும் அப்போதும் சொல்லவில்லை. நீங்கள் அந்தப் பகுதியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னீர்கள். பிறகு எழுந்து, சாக்குகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நடந்தீர்கள்.

"அவனிட்டச் சொல்ல ஒரு விசயம் இருந்தது, தம்பி. அதால பேசாமல் இருக்க முடிஞ்சுது. ஒண்டும் தெரியாதவன் எதை வைச்சுக்கொண்டு பேசாமல் இருக்கிறது? நான் எத்தினை இடத்தைச் சொன்னனான் தெரியுமே? கேட்ட துறைமுகம் எல்லாத்தையும் சொன்னனான். போகாத ஊருக்கெல்லாம் போனனான் எண்டு சொன்னனான்."

நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. உங்களுக்கு இருமல் வந்துவிட்டது, நான் தண்ணீர் எடுக்கப் போனேன். வந்தபோது அந்த நேரம் போய்விட்டது. இப்படி எத்தனை ஞாயிறு! தேத்தண்ணி வந்ததும் விட்டேன், மழை வந்ததும் விட்டேன், ஹாஜியார் தலையை நீட்டியதும் விட்டேன். சொல்லாமல் இருக்க ஒருவனுக்குச் சாட்டா இல்லை?

நடுநடுவே நாம் சிரித்தும் இருக்கிறோம், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு தடவை உங்களை ஹந்தானைக்குக் கூட்டிப்போனேன். பாதி வழியில் காலில் அட்டையைப் பார்த்துவிட்டு நீங்கள் குதித்த குதியை என் தங்கச்சி இன்றும் நடித்துக் காட்டுவாள். கடலில் சுறாவைப் பார்த்த மனிதர்! பிடுங்கி எறிந்துவிட்டு, "உங்கட அட்டை ஆளைத் தின்னும், எங்கட அட்டை ஆளுக்குத் தின்னத் தரும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மூன்றாவது கொப்பியில் சிங்கப்பூர் வந்தது. மீன்பிடி வள்ளம் ஒன்றில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள், உடம்பில் சாயம் பூசி, ஜப்பான் கொடி கட்டி, துறைமுகத்துக்குக் கிட்ட வந்து, சின்ன ஓடங்களில் போய்க் கப்பல்களை வெடிக்க வைத்துவிட்டு, ஓர் ஆளும் சேதமில்லாமல் திரும்பிப் போனார்கள். புத்தகத்தில் அந்த அத்தியாயம் கொண்டாட்டமாக முடிகிறது. நீங்கள் முடிக்க விடவில்லை.

"இவங்கள் போயிட்டாங்கள். பிறகு அங்க ஆரைப் பிடிச்சவங்கள்?"

வேறொரு புத்தகத்தில் தேடிப்பிடித்து அடுத்த கிழமை வாசித்தேன். வெளியிலிருந்து ஆள் வந்து செய்திருப்பான் என்று ஜப்பான்காரன் நம்பவில்லை. ஊருக்குள் இருந்தவர்களையும், ஏற்கெனவே சிறையில் அடைத்து வைத்திருந்தவர்களையும் இழுத்துப்போய் மாதக்கணக்கில் வதைத்திருக்கிறான். அவர்களுக்கு அதைப்பற்றி ஒன்றுமே தெரியாது. பலர் அதிலேயே செத்துப்போனார்கள். தண்ணீர்ச் சித்திரவதையும் இருந்தது. அந்த வரியை நான் விட்டுவிட்டு வாசித்தேன். நான் விட்டது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. என்ன விட்டேன் என்று கேட்கவில்லை.

"ஜப்பான்காரனுக்கு அந்தச் சனத்தின்ர பாசை தெரியாதுதானே," என்று மட்டும் சொன்னீர்கள். "அப்ப நடுவில ஒருத்தன் இருந்திருப்பான்."

"இருந்திருப்பாருங்க அண்ணே," என்றேன்.

"அவனைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?"

"இல்லைங்க."

நீங்கள் கொப்பியை உங்கள் பக்கம் திருப்பி, நான் எழுதியிருந்ததை விரலால் தடவி வாசித்தீர்கள். கப்பலில் ஒட்டும் அந்தக் குண்டுக்கு ஆங்கிலத்தில், பாறையில் ஒட்டிக்கொள்ளும் ஒருவகைச் சிப்பியின் பெயரை வைத்திருக்கிறார்கள். நான் மூன்று கொப்பியிலும் 'ஒட்டுக்குண்டு' என்று எழுதி வந்தேன். உங்கள் விரல் அந்தச் சொல்லில் நின்றது.

"ஏன் இப்பிடி எழுதுறியள்? அட்டை எண்டே எழுதுங்கோ. முதன்முதல் அந்தப் பேரை வைச்சது நீங்கள்தானே."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். பேனாவை எனக்கு நீட்டினீர்கள். எனக்கு அதை வாங்கக் கை வரவில்லை. கடைப்பையன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். நீங்கள் ஒரு மிடறு குடித்துவிட்டு, "சரி, வாசியுங்கோ" என்றீர்கள். நான் வாசித்தேன். கடவுளே, நான் அடுத்த பந்தியை வாசித்தேன்.

அதன் பிறகு ஏழு ஞாயிறு இருந்தது நமக்கு. எட்டாவது ஞாயிறு நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தீர்கள். இரண்டு நிமிடம் மூச்சைப் பிடித்துக் கடலுக்கு அடியில் நடமாடிய மனிதர், தலையணையில் சாய்ந்து ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் என்னைப் பார்த்தார். மெற்றில்டா பக்கத்தில் இருந்தாள். அவள் இருக்கிறாளே என்று அப்போதும் ஒரு சாட்டு வைத்துக்கொண்டேன். அன்று பின்நேரமே போய்விட்டீர்கள்.

இப்போது யோசிக்கிறேன், நீதிமன்றத்தைச் சுற்றி அந்தக் காலத்திலேயே நாலு மொழிபெயர்ப்பாளர் இருந்தார்கள். இரண்டு பேர் வீதியோரமாகவே இருந்தார்கள். என் அறைக்கு மாடி ஏற வேண்டும். நீங்கள் ஏறி வந்தீர்கள்.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை. அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று சனி. மெற்றில்டா வந்து போய்விட்டாள். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை அந்த வாக்குமூலத்தைத் தமிழாக்க உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. சிங்களத்தில் 'கூடெல்லா' என்று இருப்பதைத் தமிழில் எழுதினால் என்ன வரும்? அட்டை. 'நான் அட்டை பிடிப்பவன். கடலுக்கு அடியில் சென்று அட்டை பிடிப்பது என் தொழில்.' நீங்கள் சொன்ன அதே வசனம், ஒரு கீறல் இல்லாமல் அப்படியே திரும்பி வந்து நின்றது. மன்னாரில் பிறந்த பெண் அதை வாசித்தால் ஒரு பிழையும் காண மாட்டாள். அப்பா உண்மையைத்தானே சொல்லியிருக்கிறார், இதற்குப் போயா பிடித்தார்கள் பாவிகள் என்று அழுவாள். பிழை என்று மிஞ்சுவது அடுத்த ஒரு வரி மட்டும்தான்: 'அட்டை என்பது கப்பலின் அடியில் ஒட்டும் குண்டுக்கு இவர்கள் இட்ட பெயர் என மொழிபெயர்ப்பாளர் விளக்கினார், சந்தேகநபர் தலையசைத்து ஒப்புக்கொண்டார்.' அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் நானே இந்தக் கதையில் இல்லை. ஒரே ஒரு வரி. அவளுக்குச் சிங்களம் தெரியாது. எனக்கும் வயது போய்விட்டது, ஒரு வரி கண்ணில் படாமல் போகாதா?

புதனும் வியாழனும் அந்த வரி இல்லாமல்தான் மேசையில் கிடந்தது, அண்ணே. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. முத்திரை குத்த மையைத் தொட்டேன். 'சரியான மொழிபெயர்ப்பு எனச் சத்தியம் செய்கிறேன்' என்று அந்த முத்திரையில் இருக்கிறது. இத்தனை வருடம் ஆயிரம் பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் குத்திய முத்திரைதான். குத்த முடியவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதையும் கிழித்துப்போட்டு, மறுபடி எழுதினேன். வரியை எழுதினேன். அடியில் என் பெயரைத் தமிழில் எழுதினேன்.

அவள் இன்று காலை வந்தாள். அந்த வாசலடிக் கதிரையில் உட்கார்ந்து வாசித்தாள். ஆசிரியை அல்லவா, விரலை வரிக்கு வரி வைத்து வாசிக்கிறாள், உங்களைப் போலவே. இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனாள். பெயரைப் பார்த்தாள். மேசையில் இருந்த என் பெயர்ப்பலகையைப் பார்த்தாள்.

"மாமா, இது நீங்களோ?"

"நான்தாம்மா."

கீழே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவள் கேட்டாள், அப்பாவுக்குத் தெரியுமோ என்று. தெரியும், அட்டை என்றால் குண்டுதானே என்று கேட்டுக் கேட்டு உள்ளே அடித்திருப்பார்கள், என் கந்தோருக்கு வந்த முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கும் என்றேன். அப்படியென்றால் ஏன் கிழமைக்குக் கிழமை என்னோடு வந்து இருந்தார் என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்வேன் என்று நீங்கள் காத்திருந்ததாக நான் நினைக்கிறேன். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நாலரை வருடத்தின் முழுக்கதையையும், நீங்கள் நன்றியோடு தலையாட்டியதை, நான் காவல்காரனைக் கண்டு திரும்பி வந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். எழுந்து கதவுவரை போய் நின்றாள்.

"தெரியாட்டி, தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம்தானே, மாமா."

அவ்வளவுதான். அழவில்லை, ஏசவில்லை. மாமா என்ற சொல்லையும் விடவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள். மூன்று கொப்பிகளையும் அவளுக்கென்று கட்டி வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

நான் எத்தனையோ வழியில் என்னை நியாயப்படுத்திப் பார்த்திருக்கிறேன். யுத்த காலம், பயம், இளவயது, அதிகாரியின் பார்வை. ஆனால் எனக்குத் தெரியாது என்று சொன்னதற்காக அன்று அந்த அறையில் யாரும் என்னை அடித்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் அசடாகத் தெரிந்திருப்பேன், அவ்வளவுதான். அந்த அசட்டுத்தனத்துக்குப் பயந்துதான் உங்களைக் கொடுத்தேன்.

அந்தப் பத்திரிகைத் துண்டைப் பார்த்த நாளிலிருந்து நீதிமன்றத்தில் எனக்கு விளங்காத ஒரு சொல் வந்தால் எழுந்து நின்று, 'தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்' என்பேன். கறிச்சட்டிக்கும் கேட்பேன், வலைக்கும் கேட்பேன். இளம் சட்டத்தரணிகள் கிழவனுக்குத் தமிழே மறந்துவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பதை அறிவேன். சிரிக்கட்டும். 'தெரியாது' என்ற அந்த ஒரு சொல்தான் உங்களிடமிருந்து எனக்கு வந்தது. வாங்கிய நேரம்தான் பிந்திவிட்டது.

காலில் கடிவாய் இன்னும் அரிக்கிறது. கட்டை அவிழ்த்து மூன்றாவது கொப்பியை எடுத்துச் சிங்கப்பூர்ப் பக்கத்தை விரித்து வைத்திருக்கிறேன். 'ஒட்டுக்குண்டு' என்று இருந்த இடத்தில் கோடு போட்டு, நீங்கள் சொன்னபடி 'அட்டை' என்று எழுதிவிட்டேன். பக்கத்தின் அடியில், நீங்கள் கேட்டும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத அந்த நடுவில் இருந்தவனைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இந்தப் பெயரை வைத்தவனுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது, அவன் கேட்கவும் இல்லை.